நீங்கள் ஏற்கனவே உள்ளே இருக்கிறீர்கள்

ஐப்பசி இடி நேற்று ஆறு மோடத்தைத் தின்றது.
ஏழாவது புகார், அருமனைக்கு மேற்கே.
இது எரியவில்லை. ஏறவுமில்லை.

"கம்பி நல்லாத்தான் இருக்கு பிள்ளே,
நெட்டு மட்டும் கிட்டுதில்ல"
என்கிறார் ஏசுவடியான்.
மூன்று விளக்கு பச்சை. நான்காவது சிவப்பு.
பிழை எண் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று.

வயரைச் செருகினால் போதும் என்றுதான்
எல்லாரும் நினைக்கிறார்கள்.
ஒவ்வொரு முறையும் இந்தச் சின்னப் பெட்டி
எதிரில் யாரென்று தெரியாமலே
கம்பி முழுக்கக் கேட்கவேண்டும்:
யாராவது உண்டா?
மார்த்தாண்டத்தில் ஒரு குளிரறையிலிருந்து பதில் வரும்:
நான் உண்டு.
அப்படியானால் உன்னிடமே வருகிறேன்.
வா. இதோ உன் எண்.
அதற்கப்புறம்தான் பெயர், கடவுச்சொல்.
அதற்கும் அப்புறம்தான் முகவரி.
ஆயிரத்து ஐநூறு பைட் சுமந்து போனால்
எட்டு பைட் வாசலிலேயே போய்விடும்,
ரப்பர் ஷீட்டுக்கு ஈரக்கழிவு பிடிக்கிற
கடைக்காரனிடம் போல.
எட்டுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை.

ஆபீசில் பிபினைக் கூப்பிட்டேன்.
"பேரு சரிதான் அக்கா, பாஸ்வேர்டும் சரி.
ஆனா அந்தப் பேரு
ஏற்கெனவே உள்ள இருக்கு.
நேத்துலேர்ந்து.
வேற பெட்டி."

ஒரு பெயருக்கு ஒரு இருக்கை.

கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
அயனிக் கிளை, கோழிக்கூடு, மதில்.
மதிலில் பெருவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
யாரோ பொறுமையாகச் சிமெண்ட் பூசி
வட்டமாக்கியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் அண்ணன் தாசையன் வீடு.
மதிலுக்கு வயது ஒன்பது.
குழித்துறைக் கோர்ட்டில் வழக்குக்குப் பன்னிரண்டு.
கடவுச்சொல்
அந்த நிலத்தின் சர்வே நம்பர்.

பிபின் பதிவை வாசிக்கிறான்:
காலை நாலு பத்து, அண்ணன் பெட்டி ஏறுகிறது.
மாலை ஆறு ஐம்பத்தெட்டு, அது முறைப்படி விடைபெறுகிறது.
ஏழு மணி, தம்பி பெட்டி கேட்கிறது, யாராவது உண்டா?
பத்துக்கு அது விடைபெறும்.
பத்து நாலுக்கு மறுபடி அண்ணன்.
"ரெண்டு வருசமா இப்படித்தான் அக்கா.
ஞாயித்துக்கெழம மட்டும் மாறும்."

"நாங்க பேசுறதில்ல"
என்றார் பின்னாலேயே வந்திருந்த ஏசுவடியான்,
நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்றைய இடியில்
அண்ணன் பெட்டிக்கு விடைபெற நேரம் கிடைக்கவில்லை.
செத்துப்போனதைச் சர்வருக்கு யாரும் சொல்லவில்லை.
வழக்கமாக அது இடைக்கிடை கேட்கும்: இருக்கிறாயா?
மூன்று தடவை பதில் வராவிட்டால்
பெயரை எடுத்துவிடும்.
லோடு கூடுகிறதென்று போன மாதம்
நாங்கள்தான் அந்தக் கேள்வியை அணைத்து வைத்தோம்.

பையில் ஒரு படிவம் இருக்கிறது.
ஒரு இணைப்பு, இரண்டு வீடு என்றால்
துண்டிப்பு, அபராதம் இரண்டாயிரம்.
பையைத் திறக்கவில்லை.
"பழைய எண்ணைத் தூக்கிடு பிபின்."

நான்காவது விளக்கு இரண்டு தடவை துடித்தது.
உள்ளறையில் ஜெப ஷீபாவின் வாத்தியார்
ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து சேர்ந்தார்.

மதிலுக்கு மேலே ஒரு தலை.
கையில் கருகிய அடாப்டர்.
புதுசு என்ன விலை என்று கேட்பார் என நினைத்தேன்.

"அங்க கிட்டிச்சா?"
"கிட்டிச்சு."
"ஓ."

அடாப்டரை மடியில் செருகிக்கொண்டு
கோழி அடைக்கப் போனார் தாசையன்.

புகாரை மூட, செல்போனில் ஒரு கட்டம்:
பழுதுக்குக் காரணம்?
எலி, இடி, ஈரம், இதர.

ஈரம் என்று தொட்டேன்.
பைக் சீட்டும்
நனைந்துதான் கிடந்தது.