ஓரம் அடிப்பவன்

டாங்கா துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
காங்காத் துணிக்கு ஓரம் அடிப்பவன் நான்.
பெண்கள் இடுப்பில் ஒன்றும்
தலையில் ஒன்றுமாய்ச் சுற்றும் துணி.
கீழ்விளிம்பில் ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் ஒரு பழமொழி.
பூவைப் பார்த்து வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.
எங்கள் ஊர்ப் பெண்கள்
முதலில் எழுத்தைப் படிப்பார்கள்,
பிறகு யாருக்கு என்று யோசிப்பார்கள்.

நாத்தனாருக்கு ஒன்று, சக்களத்திக்கு ஒன்று,
ஆறு மாதமாய் வாடகை தராதவனுக்கு ஒன்று.
வாய் திறந்தால் சண்டை.
உடுத்தினால் வெறும் துணி.
உன்னையா சொன்னேன்,
மில்லில் அச்சடித்தது என்று சொல்லிவிடலாம்.

முவானஹாவாவும் சௌமுவும்
ஒரே சுவரின் இரண்டு பக்கம்.
ஒரு கரியடுப்பு இரவல் போய்
கால் உடைந்து திரும்பியது.
அவ்வளவுதான்.

மறுநாள் முவானஹாவாவின் கொடியில்:
‘வாங்கும்போது கை பட்டு, திருப்பும்போது கை முள்.’
வெள்ளிக்கிழமை சௌமுவின் இடுப்பில்:
‘கிள்ளு உப்புக் கொடுத்தவள்
கடலே தன்னது என்றாள்.’
பிறகு சிவப்பில், மஞ்சளில்,
முந்திரிக்கொட்டை போட்ட நீலத்தில்
மூன்று வருஷம்.
‘வௌவாலுக்கு எல்லார் வீடும் தலைகீழ்.’
‘பொறுமையாய் இருக்கிறேன், முதலையும் அப்படித்தான்.’
எல்லாவற்றுக்கும் ஓரம் அடித்தது நான்.
அவர்கள் சமாதானமானால் எனக்கு நஷ்டம்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலம்
சௌமுவின் மகன் போன படகு
இரண்டு இரவு திரும்பவில்லை.
மூன்றாம் காலை வந்தது,
இயந்திரம் செத்து, ஆள் உயிரோடு.
அந்த இரண்டு இரவும் முவானஹாவா
நடுச்சுவரில் கை வைத்தபடியே நின்றாளாம்,
சுற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு அடி.

கடைக்கு வந்து கேட்டாள்:
தப்பு என்னுடையது என்று
ஏதாவது இருக்கிறதா?

ஷெகுவே அடுக்கைக் கலைத்தார்.
பொறாமை இருந்தது, எட்டு நிறத்தில்.
புறங்கூறல் இருந்தது. விதி இருந்தது.
நன்றி கெட்ட நாய், பேராசைக் கழுகு,
கடவுள் பார்த்துக்கொள்வார், பெரிய எழுத்தில்.
இத்தனை காலம்
மனுஷ குணத்தைத் துவைத்து அலசிக் காயப்போட்ட
சொல் எல்லாம்
அடுத்த வீட்டைப் பற்றியே இருந்தது.

அடியில், எலி கடிக்காத மூலையில்,
அச்சு தவறிய ஒரு ஜோடி.
பூ இருக்கிறது, கட்டம் இருக்கிறது,
கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
பாதி விலை என்றார்.

நடுவில் வெட்டினேன்,
இரண்டுக்கும் ஓரம் அடித்தேன்.
கூலி வாங்கவில்லை என்று சொல்ல ஆசை.
வாங்கினேன்.

ஒன்றை உடுத்திக்கொண்டாள்.
இன்னொன்றைச் சுவர்மேல் போட்டுவிட்டு
உள்ளே ஓடிவிட்டாளாம்.
சௌமு அதைத் திருப்பிப் பார்த்தாளாம்,
வெயிலுக்கு நேரே பிடித்தாளாம்,
எழுத்து எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று
மடிப்பை உதறினாளாம்.

பிறகு தோளில் போட்டுக்கொண்டு
சுவருக்கு மேல் எட்டி,
மூன்று வருஷத்தில் முதல் தடவையாய்
வாயால் சொன்னாளாம்:

உன் ஆடு
என் மரவள்ளி இலையைத் தின்கிறது.