ஒரு கால்

புதன் இரவு பத்தே முக்கால்.
கணினி தன்னைத் தானே அணைத்துக்கொண்டது,
தானே எழுந்தது,
சின்னம் காட்டியது,
புள்ளிகள் வட்டமாய் ஓடின,
நீலம்,
பிறகு கறுப்பு,
பிறகு மறுபடி சின்னம்.
ஏழாம் தரத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.

மொன்றியலில், கோத் தே நேஜ் தெருவில்,
புடவைக்கடைக்கு மேலே எங்கள் பத்திரிகை.
இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்,
பிரெஞ்சு எழுத்துப் பொறித்த விசைப்பலகை.
காலை ஐந்துக்கு அச்சகம் பக்கங்களைக் கேட்கும்.
பதினோராம் பக்கம் முழுக்க மரண அறிவித்தல்.

குற்றம் என்னுடையதுதான்.
மத்தியானம் ஒரு மின்னஞ்சல்:
அம்மா காலமாகிவிட்டார், படம் இணைப்பில்.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
சாவென்று வந்தால்
யார்தான் திறக்காமல் இருப்பார்?
திறந்தேன். படம் இல்லை.
வெள்ளைப் பெட்டி ஒன்று மின்னி மறைந்தது.
நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அருட்குமரன் தொலைபேசியில்:
"வயரைக் கழற்றிப் போட்டுப் பாரும்."
போட்டேன்.
"அப்ப வேறை ஏதாவது செய்து பாரும்."
ஆசிரியர் அல்லவா.

வெளியே பனி அள்ளும் வண்டியின் ஊளை,
காரை எடு, காரை எடு என்று.
கோட்டைக் கொளுவிக்கொண்டு இறங்கி,
மூன்று தெரு தள்ளி ஓர் இடம் பிடித்து,
காது விறைத்துத் திரும்பி வந்தால்
அது இன்னும் செத்துச் செத்துப் பிறந்துகொண்டிருந்தது,
நான் போனதையும் அறியாமல்.

கைபேசியில் தேடி வாசித்தேன்:
சின்னம் தோன்றியதும் பொத்தானை அழுத்திப் பிடி.
அணையும்.
மூன்று தரம் அப்படிச் செய்.
தன்பாட்டில் விழுகிறதை
நானே மூன்று தரம் விழுத்தினால்
அது நின்று, என்ன பிரச்சினை என்று கேட்குமாம்.

கேட்டது. பிரெஞ்சில்.

பாதுகாப்பு முறை, நாலாம் தெரிவு.
எழுத்துகள் வீங்கிப் போய்,
மூலைக்கு ஒரு காவலாளாய்
ஒரே சொல் நாலு இடத்தில்.
ஆனால் நின்றது.
ஒரு நிமிடம். இரண்டு. விழவில்லை.

இனி என் வேலை.
பத்தொன்பது வருடம் மெய்ப்புப் பார்த்த கண்.
தொடக்கத்தில் ஓடும் கோப்புகளின் பட்டியலில்
சிவப்புப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
(திரையில் கீறவா முடியும்)
வரிவரியாய் இறங்கினேன்.

இருபத்திரண்டாம் வரி.
எஸ், வி, சி என்று தொடங்கவேண்டிய பெயர்
எஸ், சி, வி என்று நின்றது.
மற்ற எழுத்தெல்லாம் சரி.
நல்ல குடும்பத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டு
பந்தியில் வந்து குந்தியவன் மாதிரி.

அழித்தேன்.
அது படுத்திருந்த கோப்புறையையும் தேடி அழித்தேன்.
உடைந்தவற்றைத் திருத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்து,
அடுப்பில் பாலை வைத்தவளாய்
சதவீதம் ஏறுவதைப் பார்த்திருந்தேன்.

இரண்டே கால். மறுதொடக்கம்.
சின்னம். புள்ளிகள்.
புள்ளிகள்.
புள்ளிகள்.
என் பெயர்.
கடவுச்சொல்லை இரண்டு தரம் பிழையாய் அடித்தேன்.

பதினோராம் பக்கம் அப்படியே இருந்தது.
திருமதி புவிராணி தில்லையம்பலம்,
மலர்வு, உதிர்வு,
மகள் மாதுமை அனுப்பிய பச்சைச் சேலைப் படம்.
மூன்று தரம் வாசித்து, சரி போட்டு,
கையெழுத்தும் வைத்த பக்கம்.

பிறப்பிடம்: அரளி.

ஒரு கால் விழுந்து போயிருந்தது.
அராலியில் பிறந்த மனுசியை
நஞ்சுச் செடியில் பிறக்க வைத்திருக்கிறேன்.
வைரஸ் இதைத் தொடவில்லை.
திங்கட்கிழமையிலிருந்தே
இது இங்கேதான் இருந்திருக்கிறது,
எல்லா எழுத்தும் சரியான முகத்தோடு.
அதற்காக அந்தச் சனியனுக்கு
நன்றி சொல்லப் போவதில்லை.

காலைப் போட்டேன்.
சேமித்தேன். பென்டிரைவில் ஒன்று, இன்னொன்றில் ஒன்று,
போதாதென்று கைபேசியில் படமும் பிடித்தேன்.
மூன்று மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது,
இரவுப் பணியில் இருந்த யாரோ ஒரு பையன்:
இந்த இணைப்பைத் திறக்கலாமா?