ஒரே அடுப்பு

சியாதுராவில் கம்பிவடப் பெட்டி ஓட்டுகிறேன்.
கீழே மாங்கனீசு கறுப்பாக்கிய ஆறு,
மேலே சுரங்கத்துக்காரர்களின் அடுக்குமாடிகள்.
நாளைக்கு நாற்பது தடவை ஏற்றுகிறேன்,
நாற்பது தடவை இறக்குகிறேன்.
இதை வைத்து வாக்தாங் அடிக்காத கேலி இல்லை.
அவனுக்கு ஒன்றும் தெரியாது,
தெரியாமலே சரியான இடத்தில் குத்துகிறான்.

வருடாந்தரச் சோதனையில்
நூற்றெண்பதுக்கு நூற்றுப் பத்து.
"பெட்டியில் ஆள் இருக்கும்போது நீ விழுந்தால்?"
காலையில் ஒன்று, இரவில் பாதி.
பாதியை நாசிகோ பாலாடைக்கட்டிக் கத்தியால் நறுக்குவாள்,
சிதறிய தூளை விரலால் ஒற்றி
என் நாக்கில் வைப்பாள்.

கொதிப்பு அடங்கியது.
யாரும் எனக்குச் சொல்லவில்லை
உடம்பில் இருப்பது ஒரே அடுப்பு என்று.

முதல் தடவை, களைப்பு என்றேன்.
இரண்டாம் தடவை, திராட்சை மது என்றேன்.
மூன்றாவதற்குக் காரணம் தேடிக் கூரையைப் பார்த்தேன்.
அங்கே ஓர் ஈரக் கறை.
"வெயில் வரட்டும், சுண்ணாம்பு அடிக்கணும்"
என்று இருட்டில் இருபது நிமிடம் பேசினேன்.
ம், ம் என்றாள்.

அப்புறம் நான் தாமதமாகப் படுத்தேன்,
அவள் சீக்கிரம் தூங்கினாள்.
இரண்டு பேரும் நடித்தோம்,
அவள் என்னைவிட நன்றாக.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள்.
எறும்பு எழுத்து.
தலைசுற்றல், கைகால் சில்லிடுதல், கெட்ட கனவு...
கடைசியில், மடிப்பு விழுந்து தேய்ந்த வரியில்,
பெயர் போடாமல்
என்னை எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து நாக்கடியில் ஒதுக்கி
அக்ரூட் ஜாடிக்குள் துப்பினேன்.
பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள், பெட்டி பாதி வழியில்,
மூக்கிலிருந்து ரத்தம்.
பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி கைக்குட்டை நீட்டினாள்,
முயல் படம் போட்டது.
பிடித்த பிடியை விடாமல் கரை சேர்த்தேன்.

வீட்டில் ஜாடி கவிழ்ந்திருந்தது.
பருப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம்,
கல் பொறுக்கிய அரிசிபோல.
"எனக்காகவா?"
தலையசைத்தேன்.
"என்ன வேண்டுமென்று என்னைக் கேட்டாயா?
கூரையிடம்கூடப் பேசினாய்."
உட்கார்ந்தாள்.
"இன்னொருத்தி என்று நினைத்தேன், ஓமாரி.
நாலு மாதம். தர்பூசணி விற்கிற மனானாவை
சந்தையில் பார்க்கும்போதெல்லாம் முறைத்தேன், பாவம்.
என்னை விதவையாக்கிவிட்டு
யாரிடம் ஆண்மை காட்டப் போகிறாய்?"
அழுகையா சிரிப்பா என்று முடிவாகும் முன்
எனக்கும் தொற்றிக்கொண்டது.

டாக்டர் மக்வாலா என் மகள் வயது.
எனக்குச் சொல் வரவில்லை.
நாசிகோ சொன்னாள், உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோல.
மக்வாலா பேனாவைக் கீழே வைக்கவில்லை,
முகம் சிவக்கவுமில்லை.
"மாத்திரையாக இருக்கலாம்.
கொதிப்பே ரத்தக்குழாயைக் கெடுத்திருக்கலாம்.
பயமாகவும் இருக்கலாம்.
மாற்றித் தருகிறேன், பார்ப்போம்.
நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள்."
பிறகு, சீட்டைக் கிழித்துக்கொண்டே,
"போன மாதம் ஆறு பேர்.
எல்லோரும் கிளம்பும்போது,
கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்."

ஆறு பேர்.
இப்போது பெட்டியில் ஏறுகிற ஒவ்வொருவன் முகத்தையும்
இரண்டு தடவை பார்க்கிறேன்.

வீட்டில்? சில இரவு உண்டு, சில இரவு இல்லை.
இல்லாத இரவில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து
நாடியை எண்ணுவாள், எழுபதுக்கு மேல் தூங்கிவிடுவாள்.
கூரைக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

நேற்று கடைசிப் பெட்டியில் வாக்தாங் மட்டும்.
அதே கேலி, அதே சிரிப்பு.
சிகரெட் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டான்,
உள்ளே அலுமினியத் தாள் கரகரத்தது.
இருபது வருடமாகத் தினம் கேட்கும் பேச்சில்
அந்தச் சத்தம் மட்டும் புதிது.

ஆற்றுக்கு நேர் மேலே
பெட்டியை மெதுவாக்கினேன்.
அங்கே கதவுப் பிடி யாருக்கும் எட்டாது.
"காலையில் எத்தனை போடுகிறாய்?" என்றேன்.