முதுகுக்குப் பின்னால்

லிஃப்ட்காரர் கதவைப் பார்த்து நிற்பார்.
மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து.
முப்பத்தெட்டு வருடம் அப்பாவுக்கு
பம்பாய் அப்படித்தான் நடந்தது,
கோட்டைப் பகுதியில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில்,
பிடரிக்குப் பின்னால், காதில் விழுகிற மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், மே மாதம்,
இந்தி இன்னும் பிடிபடாத நேரம்,
'பிரதமர் போய்விட்டார்' என்றது ஒரு குரல்.
'எத்தனாவது மாடிக்கு?' என்று கேட்டாராம்.
இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.
சிரித்ததற்கு உடனே வருந்துவார்.

எழுபத்தொன்றில் லிஃப்ட் விளக்குக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள்.
யுத்தம் முடிந்தும் யாரும் கிழிக்கவில்லை.
நான் பிறந்த செய்தி
அந்த இருட்டுக்குள்தான் வந்ததாம்,
ஐந்தாம் மாடி பியூன் சொல்லி.

நெருக்கடி நிலையில் பேச்சே இல்லை.
'ரயிலெல்லாம் நேரத்துக்கு வருகிறது' என்றார் ஒருவர்.
இன்னொருவர் செருமினார்.
மிச்ச நான்கு மாடிக்கும் கம்பிவடத்தின் சத்தம்.

மில் வேலைநிறுத்தம் எட்டாவது மாதத்தைத் தொட்டபோது
தங்கப்பழம் மாமா கடன் கேட்டு வந்தார்.
வாசலில் காவலாளி, நின்று பேச இடமில்லை.
மேலே போய்க் கீழே வந்தார்கள், மூன்று தடவை.
மாமா அப்பாவின் முதுகிடம் கேட்டார்.
அப்பா அறுபது ரூபாயைத்
தோளுக்கு மேலாக நீட்டினார்.

அண்ணன் பொறியியல் படித்தவன்.
ஒரு ஞாயிறு கணக்குப் போட்டான்:
நாளுக்கு எண்பது நடை, வருடத்துக்கு முந்நூறு நாள்,
பூமியை ஒன்றரைச் சுற்று.
'ஆனா இடப்பெயர்ச்சி பூஜ்யம்ப்பா' என்றான்.
நாசரேத்தில் ரயிலேறி வந்தவர்
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
'சம்பளம் வந்துச்சுல்லா' என்றார்.

தொண்ணூற்று மூன்று, மார்ச், வெள்ளிக்கிழமை.
மதியம் ஒன்றரைக்குக் கட்டடம் ஒருமுறை உதறியது.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மின்சாரம் செத்தது.
உள்ளே ஐந்து பேர்.
இரண்டே கால் மணி நேரம்.
அன்றுதான் அப்பா திரும்பி நின்றார்.

தண்டவாளத்தோடு நடந்து தாராவி வர இரவு பதினொன்று.
வழியில என்ன பார்த்தீங்க, என்னதான் பார்த்தீங்க
என்று அம்மா அழுதாள்.
'ஏழாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா இருக்குல்லா,
அதுக்கு வலது புருவத்துல ஒரு தழும்பு.
பத்தொம்பது வருசமா ஏத்தி இறக்குதேன்.'
அவ்வளவுதான்.
சோற்றைத் தொடவில்லை.

வெள்ளம் வந்த ஜூலையில் ஓய்வு பெற்றிருந்தார்.
கட்டில்மேல் சம்மணமிட்டு
எங்கள் செருப்புகள் வாசலைத் தாண்டுவதை
எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து இருபது, மே, சயான் ஆஸ்பத்திரி.
பிளாஸ்டிக் உடுப்புப் பையன் ஸ்ட்ரெச்சரைத்
தலைப்பக்கமாக லிஃப்டுக்குள் தள்ளினான்.
கால் எங்கள் பக்கம். முகமும்.
பட்டனை வேறு யாரோ அமுக்கினார்கள்.
முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்,
கதவு மூடும்வரை எங்கள்மேல்.

சான்றிதழ் ஜன்னலில் தொழில் கேட்டார்கள்.
சொன்னேன்.
பட்டியலில் அது இல்லையாம்.
தவசிமுத்து, எழுபத்தேழு, மற்றவை.
சரிதானே என்றார்.
சரி என்றேன்.
என் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.