ஓதம்

பாயான் லெப்பாஸ், ஏழாம் மாடி.
வெள்ளி இரவு பதினொன்றுக்குப் பழைய தளத்தை
'வாசிக்க மட்டும்' என்று பூட்டினோம்.
இரண்டாயிரத்து நானூறு கருவிகள்,
ஒன்பதாண்டு டிக்கெட்டுகள்,
எதற்கு யார் பொறுப்பு என்னும் பட்டியலில்
பாதிப்பேர் வேலையை விட்டுப் போனவர்கள்.

பழையதில் அவசரத்துக்கு ஐந்து படி.
புதியதில் மூன்றே மூன்று.
நான்காம் படியை எங்கே இறக்குவது என்று
ஹூய் ஷியானும் நானும் வாதாடியதில்
தே தாரிக் ஏடு கட்டிவிட்டது.

ஒன்றரைக்கு எல்லாம் பச்சை.
நஸ்ருல் கைதட்டினான்.
அறிக்கையின் கடைசி வரி:
நிராகரித்த விதி, ஒன்று.
ஒன்றுதானே என்றேன்.

இரண்டு நாற்பதுக்கு அலறியது.
பிறை ஆலை இணைப்பு இல்லை.
எட்டுக் கைப்பேசிகளும் மேசைமேல் நடுங்கின.
பதினோரு நிமிடம். தானாகவே திரும்பி வந்தது.
ஞாயிறு மூன்றரைக்கு.
திங்கள் நான்கு இருபதுக்கு.
"பேய்க்கும் ஒரு நேரங்காலம் உண்டு,
இதுக்கு அதுகூட இல்லை" என்றான் நஸ்ருல்.

அப்போதுதான் அந்த விதியைத் திறந்தேன்.
எழுநூற்றுச் சொச்சம் வரி.
நாளுக்கு இரண்டு முறை எச்சரிக்கையை அடக்கு,
மறுநாள் ஐம்பது நிமிடம் தள்ளி அடக்கு.
எழுதியவர் ஆ. தணிகைவேலு, ஒப்பந்த ஊழியர்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்,
அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவே தமிழில்:
ஓதம்.

மொட்டைமாடிக்கு ஏறினேன்.
எங்கள் வெள்ளைத் தட்டு
நீரிணை தாண்டிப் பிறையைப் பார்த்தபடி நிற்கிறது.
கீழே தண்ணீர் ஏறியிருந்தது.
குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கு அது வந்ததும்
நேரே போகும் அலையும்
நீரில் பட்டுப் போகும் அலையும்
அக்கரையில் ஒன்றையொன்று தின்றுவிடும்.
பதினோரு நிமிடம்.

புதிய தளத்தில்
தினமும், வாரந்தோறும், மாதந்தோறும் உண்டு.
நிலவுக்குப் பொத்தான் இல்லை.
விற்றவர்களுக்கு எழுதினேன்.
உங்கள் தேவை பதிவு செய்யப்பட்டது,
இது தானியங்கிப் பதில்.

தெலுக் கும்பாரில் தூண்டில் விற்கும் கடையில்
இரண்டு வெள்ளிக்கு ஓத அட்டவணை கிடைத்தது.
திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.
டிசம்பர் முப்பத்தொன்றோடு அதுவும் முடிகிறது,
தணிகைவேலுவின் வரிகளைப் போலவே.

செவ்வாய், ஐந்து பத்து.
கையால் அடக்கினேன்.
யாருடைய தூக்கமும் கலையவில்லை.
காலையில் ஹூய் ஷியான்
இடமாற்றம் முழுமை என்று
திட்டத்தை மூடினாள்.