காரணம்: பனி

இந்தச் சாலையில் எனக்கு ஊர்ப்பெயர்கள் வேண்டாம்.
முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில்
கோவல்ச்சுக் வீட்டு இரண்டாவது பையன், லாரியின் முன்சீட்டில்.
அறுபத்தொன்றில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு பெண்.
எழுபதில் பிறந்ததைப் பற்றி
நான் பேசுவதில்லை.

வடக்கு சஸ்காட்சவானில்
பனி தள்ளுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்துவிடும்.
பிரசவ வார்டை மூடியபோது
கட்டில்கள் போன வண்டிக்கு
வழி தள்ளிக் கொடுத்தவனும் நான்தான்.
எட்டுக் கட்டில். ஓவர்டைம் போட்டார்கள்.
கதவில் 'தற்காலிகம்' என்று ஒட்டிய தாளில்
டேப் மஞ்சளாகிவிட்டது.

மாதத்தின் இரண்டாவது வியாழன்
கர்லிங் கிளப் பின்னறைக்கு
மார்கிட் வருவாள், இயற்கை வைத்தியம்.
காப்பீட்டில் சேராது.
சிலர் பணம் கொடுத்தார்கள், சிலர் உறைந்த மூஸ் கறி.
அவள் இலைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது
(முதுகுவலிக்கு இரண்டு தடவை போனேன்).
ஆனால் ஒன்று:
வீங்கிய காலைக் கண்டால்
கொடுத்த டீப் பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வாள்.
"இது இலைக்கு அடங்காது. இன்றைக்கே கிளம்பு."
அதைச் சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லை.

அக்டோபரோடு அவளும் நின்றுவிட்டாள்.
பெட்ரோலுக்கே கட்டுப்படியாகவில்லையாம்.

பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
ரோசன்னா ஃப்ரீசன் என்னைத்தான் கூப்பிட்டாள்.
இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ்
மரலாரி கவிழ்ந்த இடத்துக்குப் போயிருந்தது.
"தலை வெடிக்குது. கண்ணுல பொறி பறக்குது."
கால் எப்படி, என்றேன்.
எனக்கு எப்படி அந்தக் கேள்வி வந்ததென்று தெரியவில்லை.
"மூணு வாரமா அவரோட பூட்ஸைத்தான் போடறேன்."

மூன்று வாரம்.
நடுவில் ஒரு வியாழன் இருந்தது.

மைனஸ் முப்பத்தொன்று.
முன்னால் நான், பின்னால் அவள் மாமனாரின் பிக்கப்.
நாற்பதைத் தாண்டினால்
நான் கிளப்பும் பனிப்புழுதியே அவர் கண்ணை மறைக்கும்.
நாற்பதுக்குக் கீழே என்றால்...
நாற்பதிலேயே போனேன்.
கண்ணாடியில் இரண்டு விளக்குகள்.
ஒரு வளைவில் ஒன்றாகி, மறுபடி இரண்டாகி.
எழுபதைக் கடக்கையில்
மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு.
பூட்ஸைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்களாம்.
பையன். ஒன்றேமுக்கால் கிலோ. அவளும் இருக்கிறாள்.
மாமனார் என் கையைப் பிடித்து
பூட்ஸ் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பதிவேட்டை நிரப்பினேன்.
தூரம்: 224. டீசல்: நூற்றைம்பது லிட்டர்.
காரணம்:
பனி.