செவ்வாய் இரவு, பத்தே முக்கால்

பகல் நேரப் பனித்தளத்துக்கு வாடகை அதிகம்.
மாணவர்களுக்கு மிஞ்சுவது
செவ்வாய் இரவு பத்தே முக்கால்.
ஊலு நகரம் அதற்குள் பல்துலக்கிப் படுத்துவிடும்.
கோல்கீப்பர் மூட்டை முதுகில் கனக்க
நான் சைக்கிள் மிதிப்பேன்,
மைனஸ் பதினெட்டில்.
மூச்சு சால்வை நுனியில் உறைந்து
மோவாயைக் குத்தும்.

புதன் காலை எட்டேகாலுக்கு
வெப்ப இயக்கவியல் தேர்வு.
அணியில் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் கெர்த்து "வராதே, படி" என்பாள்,
வேறு கோல்கீப்பர் இல்லையென்று
அவளுக்கே தெரிந்திருந்தும்.

எங்களுடையது ஏழாம் பிரிவு.
எட்டாம் பிரிவு என்று ஒன்று கிடையாது.

உடைமாற்றும் அறையில்
முழங்கால் காப்பின் வாரை இறுக்கிக்கொண்டே
வாய்க்குள் ஓட்டிப் பார்க்கிறேன்:
மூடிய அமைப்பு, திறந்த அமைப்பு,
உள்ளே வந்த வெப்பம், வெளியே போன வேலை.
"யாரோடு பேச்சு?" என்கிறான் வெய்க்கா.
மருத்துவம், நாலாம் ஆண்டு,
இரவுச் சாப்பாட்டுக்கு நேரமில்லாமல்
ரை ரொட்டியைக் கையுறையோடு பிடித்துக் கடிக்கிறவன்.
"மீளாத செயல்முறைகளோடு" என்றேன்.
தலையாட்டினான்.
அவனுக்கும் அப்படிச் சில இருக்கும்.

படிப்பு ஒரு கை, ஆட்டம் ஒரு கை என்றால்
மூன்றாவதாக ஒன்றும் உண்டு,
எந்தக் கால அட்டவணையிலும் ஏறாதது:
விரிவுரையில் உட்கார்ந்து நான் பின்னும் காலுறை.
இங்கே அது குற்றமில்லை.
ஊசி ஓடினால்தான்
எனக்குக் காது திறக்கும்.
கணுக்காலுக்கு மேலே முழுக்க முதல் விதி.
குதிகால் திருப்பியது என்ட்ரோபி வாரத்தில்,
அதனால் அங்கே இரண்டு கண்ணி தவறியிருக்கிறது.
வலது ஸ்கேட்டுக்குள் இப்போது அதுதான்.
இடது காலுக்கு இன்னும் பாடம் தொடங்கவில்லை,
கடையில் வாங்கிய ஏதோ ஒன்று.

வட்டு எதிர்முனையில் இருக்கும்போதுதான்
கோல்கீப்பருக்குத் தேர்வு ஞாபகம் வரும்.
எங்கள் ஆட்டத்தில் அது
எதிர்முனைக்குப் போவதே அபூர்வம்.
அதற்காகத்தான் வருகிறேன் போலிருக்கிறது.

எட்டு கோல் வாங்கினேன்.
ஒன்பதாவது வலது கட்டைவிரலில் பட்டுத் தெறித்தது.
தடுத்தேன் என்று எல்லோரும் கோலால் தளத்தைத் தட்டினார்கள்.
பேனா பிடிக்கிற விரல் அது
என்று பிறகுதான் உறைத்தது.

எட்டில் மூன்று போட்டவன்
ஆட்டம் முடிந்து கைகொடுக்க வரிசையில் வந்து
தலைக்கவசத்தைக் கழற்றினான்.
யல்மரி.
எங்கள் பயிற்சித் தாள்களைத் திருத்துகிற ஆய்வு மாணவன்,
சிவப்பு மையில் மட்டுமே நான் அறிந்த ஆள்.
என் விரலைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.
"நாளைக்கு எட்டேகால்தானே உனக்கு?"
"உங்களுக்கும்தான்."
தாடியில் வேர்வை உறையத் தொடங்கியிருந்தது.
குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"வினாத்தாளை நான் இன்னும் நகலெடுக்கவில்லை."

ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டோம்
என்பதைப் போல நின்றோம் கொஞ்ச நேரம்.
பிறகு பனியை வழிக்கும் வண்டி
விளக்கைப் போட்டு எங்களைத் துரத்தியது.

நள்ளிரவு ஒன்று.
ஹீட்டர்மேல் கையுறைகள், அவற்றின் பக்கத்தில் குறிப்பேடு.
அறை முழுக்க
நனைந்த நாயின் வாசம்.
கட்டைவிரலைத் தயிர் டப்பாவில் அழுத்திக்கொண்டு
ஏழாம் அத்தியாயம் படித்தேன், அல்லது
ஏழாம் அத்தியாயத்தின்மேல் தூங்கினேன்.

தாள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது,
இன்னும் சூடாக.
மூன்றாம் கேள்வி:
ஒரு பனித்தளத்தின் குளிரூட்டும் சுழற்சி,
அதன் செயல்திறனைக் கணக்கிடுக.

அந்தக் கம்ப்ரசரின் உறுமலை எனக்கு நன்றாகத் தெரியும்.
ஆட்டத்தின் நடுவில் அது எப்போது மூச்சுவாங்கும்
என்றுகூடத் தெரியும்.
செயல்திறன்தான் தெரியவில்லை.
பாதி எழுதினேன், வீங்கிய விரலால்,
எழுத்து எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து.

ஐந்துக்கு இரண்டு வந்தது.
தேர்ச்சிதான், தம்பட்டம் அடிக்கும் தேர்ச்சியில்லை.
ஓரத்தில் சிவப்பு மை:
"கோணத்தைக் கொஞ்சம் முன்னாலேயே அடை."
அது எந்தக் கேள்விக்கான குறிப்பு என்று
இன்னும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை
திரவ இயக்கவியல், முதல் வகுப்பு.
பின்வரிசையில் இடம்பிடித்து
அறுபது கண்ணி போட்டேன்,
இடது காலுக்கு.